உட்காருவது எந்தப் பக்கம்?

ஒர்க்‌ஷாப்பின் அளவு அறைக்குள் யார் வந்தாலும் முதலில் "அப்பாடா!" என்பார்கள். வெளியே மெஷின்கள் காதைக் கிழிக்கும். உள்ளே ஏசியின் குளிர்ச்சி, வழவழவென்று ஒரு கருங்கல் மேசை, அதன்மேல் பொருள்களைத் தொட்டுத் தொட்டு அளக்கிற மெஷின். அதன் ஊசி நுனியில் மிளகைவிடச் சிறிய ஒரு சிவப்பு மணி. அந்த ஊசி எங்கெல்லாம் தொட வேண்டும், எந்தப் பக்கத்தை ஆதாரமாக வைத்து அளக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவளை ஒர்க்‌ஷாப் முழுக்க "அக்கா" என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அவள் அங்கே ஒருவனுக்குத்தான் கூடப்பிறந்த அக்கா. அந்த ஒருவன் காலையிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காரணம் இருந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் புது மெஷின் ஒன்று வந்திருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கல்யாணப் பெண் மாதிரி மூலையில் நின்றது. பம்புக்கு வெளி உறையாக தம்பி செய்துகொடுத்த ஆறு கூடுகளும் அளவில் தேறினால் புது மெஷின் தம்பிக்கு, தேறாவிட்டால் விசிலுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். விசில் என்பது பக்கத்து மெஷின்காரரின் பட்டப்பெயர். வேலை சரியாக ஓடினால் அவர் வாய் தானாக விசிலடிக்கும்.

அக்கா அளந்தாள். கூட்டின் நடுவே போகிற ஆழமான துளை, ஆறிலும் சாய்ந்திருப்பதாக மெஷின் சொன்னது. தேறவில்லை என்று ஆறிலும் சிவப்புச் சீட்டு ஒட்டினாள்.

"வீட்டுல ஒரே கூரை, இங்க கழுத்துல கத்தியா?" என்றான் தம்பி.

"கத்தி எங்கடா வச்சேன்? ஊசிதான் வச்சேன்."

"சிரிப்பு வரல."

காலை டீ நேரத்தில் அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான். நாலு வயதில் கோபித்துக்கொண்டபோதும் இப்படித்தான், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அறைக்குத் திரும்பி அளவுகளை மறுபடி திரையில் வரவழைத்தாள். முதல் கூட்டில் துளை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டாவதில் வலப்பக்கம். மூன்றாவதில் முன்னால். துளை போடுகிற மெஷின் தப்புச் செய்தால் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி ஒரே திசையில்தான் இழுக்கும். ஆளுக்கொரு பக்கம் சாய்கிறதென்றால் துளை சாயவில்லை. அதை அளக்க அவள் பிடித்துக்கொண்ட பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

டிராயிங்கை விரித்தாள். முதல் ஆதாரம் என்ற அடையாளம் கூட்டின் அடிப்பக்கத்தில், மூன்று குட்டிப் பாதங்களின்மேல் இருந்தது. அவளுடைய புரோகிராமோ மேல்முகத்தைத் தொட்டுத் தொடங்கியது. போன மாதம் வேறொரு கூட்டுக்கு எழுதியதை எடுத்து, எண்களை மட்டும் மாற்றியிருந்தாள். கூட்டை மேசையில் அப்படியே வைத்தால் மேல்முகம்தான் ஊசிக்குச் சுலபமாக எட்டும், அடிப்பக்கம் எட்டாது. மேலும் கீழும் இணையாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் மேல்முகத்தை வேறொரு மெஷினில், வேறொரு பிடிப்பில் வெட்டுகிறார்கள். அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று டிராயிங்கே இடம் கொடுத்திருந்தது.

தப்பு அவளுடையது. அதை ஒப்புக்கொள்வதில் அவளுக்குத் தயக்கமில்லை. வேறொன்றுதான் உறுத்தியது. காலையில் தேறாதது மத்தியானம் தேறிவிட்டால் யார் நம்புவார்கள்? 'கூடப்பிறந்தவனாச்சே' என்று ஆளாளுக்குக் கண்ணடிப்பார்கள். பேசாமல் இருந்துவிட்டால் அவளை யாரும் குறைசொல்லப் போவதில்லை. நேர்மையானவள், தம்பியையே விடவில்லை என்று புகழக்கூடச் செய்வார்கள்.

அந்தப் புகழை நினைத்தபோதுதான் அவளுக்கு வெட்கமாகிப் போனது. நம்மவன் என்று சலுகை காட்டுவது பாவமென்றால், நம்மவன் என்பதற்காகவே நியாயத்தை மறுப்பதும் பாவம்தானே? 'ஆண்டவனே, வாய் தடுமாறாம சொல்ல வை' என்று வேண்டிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்னக்கா இது? தம்பி மூஞ்சி தூக்கி வச்சிருக்கான்னு மறுபடி அளக்கறதா?"

"தப்பு என் புரோகிராம்ல சார். சந்தேகம் வேணாம்னா விசிலைக் கூப்பிடுங்க. அவரு பக்கத்துல நிக்கட்டும், அவரு கண்ணு முன்னாடியே அளக்கறேன்."

"தம்பி தேறிட்டா புது மெஷின் விசிலுக்கு இல்லாம போயிடும். அவரையா?"

"அவரைத்தான். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

விசில் வந்தார், பின்னாலேயே தம்பியும் வந்தான். அக்கா கூட்டை மேசைமேல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு தாங்கியோடு சேர்த்து இறுக்கினாள். இப்போது அடிப்பாதங்கள் ஊசியைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"இது பம்ப்ல போய் எப்படி இருக்கும்? இந்த மூணு பாதத்துல உட்காரும். அதனால மெஷின் முதல்ல அதைத்தான் தொடணும், மூணு இடத்துல. அப்புறம் நீளப் பக்கமா சாயும். அங்க ரெண்டு இடம். கடைசியா இந்த ஓரத்துல போய் முட்டும். அதுக்கு ஒரு இடம் போதும். உட்கார்ற இடம், சாயற இடம், முட்டற இடம். நான் உட்கார்ற இடத்தை விட்டுட்டு தலையைப் புடிச்சு அளந்துட்டேன்."

"தலையைப் புடிச்சா எவனும் கோணலாத்தான் நிப்பான்," என்றார் விசில். மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. அவன் கண் சிவப்பு மணியை விட்டு நகரவில்லை.

முதல் கூடு தேறியது. இரண்டாவதும் மூன்றாவதும் தேறின. தம்பியின் தோள் மெல்ல இறங்கியது. நான்கும் ஐந்தும் பச்சையாக வந்தன. ஆறாவது கூட்டில் ஊசி பாதங்களைத் தொட்டுவிட்டுத் துளைக்குள் போய் வந்தது. திரை சிவந்தது. சாய்வு, அளவு மீறிய சாய்வு.

அக்கா விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். இதற்குமேல் அவள் என்ன செய்தாலும் அது தம்பிக்காக அக்கா செய்ததாகத்தான் இருக்கும். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

விசில் மட்டும் குனிந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்திருந்தால் போதும், மூலையில் நின்ற கல்யாணப் பெண் அவர் பக்கம் வந்திருக்கும். அவர் நிமிரவில்லை.

"அக்கா, இந்தப் பாதத்துல என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க."

மயிரிழையளவு ஓர் இரும்புச் சுருள், காய்ந்த எண்ணெயோடு பாதத்தில் படிந்திருந்தது. ஊசி தொட்டது பாதத்தை அல்ல, அந்தச் சுருளை. துடைக்கிற துணி அக்கா கையில் இருந்தது. அவள் அதை விசிலிடமே நீட்டினாள். அவர் தம் குழந்தையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி பதமாகத் துடைத்தார்.

"ம், இப்ப விடுங்க."

திரை பச்சையானது. தம்பி அப்படியே விசிலைக் கட்டிக்கொண்டான்.

"டேய் விடுடா! சட்டையெல்லாம் எண்ணெய்!"

"ஏங்க சொன்னீங்க? பேசாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். அப்புறம் அந்த மெஷின் முன்னாடி தினமும் நிக்கப்போறது நான்தானே. எனக்கு எதுக்கு அந்த வேதனை?" என்றார் விசில், ஏதோ கால்வலியைச் சொல்வது போல.

மேனேஜர் சிவப்புச் சீட்டுகளைத் தம் கையாலேயே பிய்த்தார். "புது மெஷின் தம்பிக்குத்தான். அக்கா, அந்தப் பழைய புரோகிராம்?"

"அழிச்சிடறேன் சார். இனிமே டிராயிங் சொல்ற இடத்தைத்தான் ஊசி முதல்ல தொடும். எட்டலன்னா பீஸைத் திருப்பி வைக்கறேன், ஆதாரத்தை மாத்த மாட்டேன்."

தம்பி தொண்டையைக் கனைத்தான். "சார், அந்த மெஷினுக்கு ரெண்டு ஷிப்டு இருக்குல்ல? இன்னொண்ணுல இவரு இருக்கட்டுமே."

மேனேஜர் விசிலைப் பார்த்தார். விசில் கூரையைப் பார்த்தார்.

"பகல் ஷிப்டுன்னா யோசிக்கலாம்," என்றார் விசில்.

"பாத்தீங்களா சார்! இடம் கொடுத்ததும் மடத்தையே கேக்கறாரு!"

"உனக்கு சின்ன வயசுடா, ராத்திரி முழிக்கலாம். என் வீட்டுக்காரி விடமாட்டா."

"வாரம் மாத்தி வாரம். அதுக்கு மேல இறங்க மாட்டேன்."

சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வெளியே போனார்கள். வாசலில் தம்பி நின்று திரும்பினான். "அக்கா, டீ குடிக்க வரல? உனக்கு இடம் புடிச்சு வைக்கறேன்."

"போடா, வர்றேன்."

கதவு மூடியது. அக்கா பழைய புரோகிராமை அழித்தாள். புதிதாக ஒன்றைத் திறந்து, முதல் வரியில் மூன்று பாதங்களையும் தொடச் சொல்லி எழுதினாள். அதற்கும் முன்னால், மெஷின் படிக்காத, மனிதர்கள் மட்டுமே படிக்கிற குறிப்பாக ஒரு வரி சேர்த்தாள்: 'அளக்குமுன் பாதங்களைத் துடைக்கவும், முடிந்தால் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லவும்.' பிறகு டீ ஆறிவிடுமே என்று வேகமாக நடந்தாள்.