இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

1

இந்தக் கதை ஒரு புத்தக அலுமாரியில் தொடங்கியது. அந்த அலுமாரி என்னிடம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எழுத்தாளர்களின் எழுதும் அறைகளைப் படம்போட்டுச் சிறப்பிதழ் கொண்டுவரப்போவதாகச் சொல்லி ஒரு சிற்றிதழ் என்னிடமும் படம் கேட்டது. நான் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில், அரிசி குக்கருக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவே இருந்து எழுதுகிற ஆள். வெங்காயத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டு இலக்கிய முகம் காட்ட வெட்கமாக இருந்தது. ஆகவே, வீட்டின் உட்புறப் படங்களை மாற்றித் தரும் மென்பொருள்களில் மலிவானது எது என்று தேடினேன். இலவசமாகக் கிடைத்த ஒன்று கூடையை அழித்துவிட்டு, எனக்குப் பின்னால் ஒரு தேக்கு அலுமாரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. அலுமாரி நிறையப் புத்தகங்கள். அவற்றின் முதுகில் இருந்த எழுத்து உலகத்தில் எந்த மொழியிலும் இல்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

(பார்த்த ஒருவர், "உங்கள் வாசிப்பின் பரப்பு தெரிகிறது" என்று பாராட்டி எழுதியிருந்தார்.)

அந்த வெட்கத்தை என்ன செய்வது? எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். இன்னொருத்தி தலையில் கட்டினேன். அவளுக்கு மயூரி என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே பனி மெல்லப் பொழிந்துகொண்டிருந்த ஒரு"

வேண்டாம். ரொறன்ரோக் கதை என்றால் பனி பொழிந்தே ஆகவேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இது ஆனி மாதம். வெயில் கொளுத்துகிறது.

இரண்டாம் தொடக்கம்: "மயூரிக்கு முப்பது வயது. அவள் இன்னும்"

இதுவும் வேண்டாம். 'இன்னும்' என்று எழுதிய உடனேயே மாமிமார் நாலுபேர் கதைக்குள் வந்து கதிரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு எழுப்ப முடியாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மயூரி வீடு விற்கும் ஏஜென்ற். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாகியும் ஒரு வீடுகூட விற்றதில்லை. கடைசியில் அவளை நம்பி வந்த முதல் ஆள் அவளுடைய அம்மா தவமணிதான். தவமணியின் வீடு ஸ்காபரோவில், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கிற ஒட்டு வீடு. அதை விற்றுவிட்டு, ரூஜ் பகுதியில், முன்பு பார்த்த வேலையின் சேமிப்பையெல்லாம் போட்டு மயூரி வாங்கியிருக்கும் புது வீட்டுக்கு அம்மா வந்துவிடுவதாக ஏற்பாடு. தவமணி சம்மதித்துவிட்டாள். அவளுக்கு ஒரேயொரு நிபந்தனைதான்.

அது ஹோல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

3

மயூரியின் சாமத்திய வீட்டுப் படம். ஆளுயரம், தங்க நிறச் சட்டம். வயதுக்கு வந்த மயூரி, தன்னைவிடப் பாரமான பட்டுச்சேலையில், பிறை நிலாவைப் போல் வளைந்த சிம்மாசனத்தில் இருக்கிறாள். பின்னால் பளிங்குத் தூண்கள், தூண்களுக்கு அப்பால் நீரூற்று, நீரூற்றில் இரண்டு அன்னங்கள்.

விழா நடந்தது ஒரு பிளாசாவின் பேஸ்மென்ற் மண்டபத்தில். அங்கே தூணுமில்லை அன்னமுமில்லை. வெளியே போகும் வழியைக் காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. படக்காரர் விளக்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் அன்னங்களை நீந்தவிட்டிருந்தார். கையோடு மயூரியின் முகத்தையும் மாற்றியிருந்தார். அது கோதுமை மாவில் புரட்டி எடுத்ததுபோல வெளுத்திருந்தது.

பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வந்தால் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, "ஹூ இஸ் திஸ்? உன்ரை கசினா?" என்று கேட்பார்கள். மயூரி ஓம் என்பாள். அவர்கள் போனபின் அந்தப் படக்காரரை மனதுக்குள் திட்டுவாள். வளர்ந்த பிறகும் அந்தத் திட்டு நிற்கவில்லை.

தவமணியின் நிபந்தனை இது: "லொறி வாற அண்டைக்குத்தான் உந்தப் படம் சுவரை விட்டு இறங்கும். இறங்கி நேரா உன்ரை ஹோலிலை ஏறும். ஏலாதெண்டால் சொல்லு, நான் இஞ்சையே இருக்கிறன்."

ஓம் என்று சொன்னால், சொந்தமாக வாங்கிய வீட்டிலும் மயூரி அந்த மாவு முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்னவேண்டும். இல்லை என்று சொன்னால் அம்மா வரமாட்டாள். மயூரி இரண்டையும் சொல்லவில்லை. வீட்டு விளம்பரத்துக்குப் போகும் படங்களிலிருந்து முதலில் அதை அழித்துவிடுவோம், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்று நினைத்தாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

4

ஒரு சனிக்கிழமை பின்னேரம், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மயூரி மென்பொருள் தேடினாள்.* வீட்டுப் படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களைக் கூப்பிடக் காசு வேண்டுமென்றால், முதலில் ஒரு வீடாவது விற்றிருக்கவேண்டும்.

* முதல் வரைவில் அவளுக்கு நிதுசன் என்று ஒரு தம்பி இருந்தான். கொம்பியூட்டர் படித்தவன். அவன் இருந்தால் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், எனக்குக் கதை மிஞ்சாது. அழித்துவிட்டேன். எங்காவது அவனுடைய சப்பாத்து மிச்சமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாவிப்பதும் மலிவானதுதான்.

இலவசமானது, அவள் தானே எடுத்த ஹோல் படத்திலிருந்து சாமத்திய வீட்டுப் படத்தை அழித்தது. அழித்த இடம், யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாதியில் எழும்பிப்போன மாதிரி இருந்தது. போதாததற்கு ஹோலின் குறுக்கே அந்தக் கம்பனி தன் பெயரையும் எழுதிவைத்தது.

இரண்டாவது, கொஞ்ச நாளைக்குச் சும்மா பாவிக்கலாம். மறந்துபோனால் கார்ட்டிலிருந்து தானே காசை எடுத்துக்கொள்ளும். கெட்டிக்கார மென்பொருள். படத்தை அழித்தது மட்டுமில்லை, சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று தானே கவலைப்பட்டு அங்கே ஒரு ஜன்னலையும் வைத்தது. ஜன்னலுக்கு வெளியே நீலமாக ஒரு ஏரி.

தவமணி தேத்தண்ணியோடு வந்தாள். மூன்று கோப்பைகள். மூன்றாவதை வெறும் கதிரைக்கு முன்னால் வைத்தாள். (பார்த்தீர்களா?)

"உதென்ன பிள்ளை, ஜன்னல்?"

"அது தானா வந்தது அம்மா."

"அங்காலை பக்கத்து வீட்டுப் பேர்ணடெற்றின்ரை குசினியெல்லே?"

"ஓம்."

"அப்ப அவ உந்தத் தண்ணிக்கை நிண்டே மீன் பொரிக்கிறா?"

மயூரி சிரித்துவிட்டாள். தவமணியும் சிரித்தாள். பிறகுதான் தவமணிக்கு விசயம் பிடிபட்டது.

"படம் எங்கை?"

"இட்ஸ் ஜஸ்ற் ஃபோர் த லிஸ்டிங், அம்மா. வீடு பாக்க வாறவை வீட்டைத்தான் பாக்கவேணும். எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை."

தவமணி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள், திரையில் இருந்த ஏரியைப் பார்த்தாள், தேத்தண்ணியைக் குடித்தாள்.

5

மூன்றாவது மென்பொருளுக்கு மாதம் ஒரு கோப்பிக் காசு. ஆடம்பரம் இல்லாதது. படத்தை அழித்துவிட்டு, சுவரைச் சுவராகவே விட்டது. வேண்டாத இடத்தில் ஏரி வெட்டவில்லை. மயூரிக்குப் பிடித்துப்போயிற்று. அந்த ஹோலில் வெயில் படாது. அவள் எடுத்த ஹோல் படத்திலும் ஒரே இருட்டு. கீழே ஒரு கோடும் கோட்டில் ஒரு புள்ளியும் இருந்தன. புள்ளியை வலப்பக்கம் இழுத்தால் வெளிச்சம், இடப்பக்கம் இழுத்தால் இருட்டு. மயூரி வலப்பக்கம் இழுத்தாள்.

தவமணி முன்னால் சாய்ந்து பார்த்தாள்.

"உந்தக் கோட்டைத்தான் அந்தப் பெடியனும் இழுத்தவன்."

"எந்தப் பெடியன்?"

"உன்ரை சாமத்திய வீட்டுப் படம் எடுத்தவன். கடையிலை என்னைப் பக்கத்திலை இருத்தி வைச்சு, காணுமோ அன்ரி, காணுமோ அன்ரி எண்டு கேட்டுக் கேட்டு இழுத்தவன்."

மயூரியின் விரல் நின்றது. போதுமா போதுமா என்று அவன் கேட்டிருக்கிறான். அப்படியானால் யாரோ பதில் சொல்லியிருக்கவேண்டும்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

தவமணி கோப்பையின் விளிம்பைத் துடைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் எண்டனான்."

இவ்வளவு காலமும் முன்பின் தெரியாத ஒருவரைத் திட்டிவந்திருக்கிறாள் மயூரி. அந்தத் திட்டெல்லாம் இப்போது போக இடமில்லாமல் திரும்பி வந்தது. அவள் நொந்துபோனாள். அம்மாவுக்கே அவள் முகம் போதாது என்று இருந்திருக்கிறது.

"ஏன் அம்மா?"

6

இங்கே தவமணி பேசவேண்டும். என் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இப்படி எழுதினேன்: "என்னையும் சின்னனிலை காகம் எண்டுதான் பிள்ளை கூப்பிட்டவை. அந்தச் சொல்லு உன்ரை காதிலை விழக்கூடாதெண்டு"

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கவும் வைத்தேன். எனக்கே கண் கலங்கியது. அடுத்தநாள் வாசித்துப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. வாசகர்கள் தவமணியை வெறுத்துவிடுவார்களோ என்று பயந்து, அதே கோட்டைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெளிச்சம். இன்னும் கொஞ்சம். அவள் அப்படிச் சொல்லியிருக்கவும் கூடும். தெரியாது. அவள் கட்டியிருந்தது சேலையா என்றுகூடத் தெரியாது. வீட்டில் அவள் நைற்றிதான் போடுகிறவள்.

சரி என்று மற்றப் பக்கம் இழுத்தேன்: "கறுப்பாத் தெரிஞ்சால் நாளைக்கு உன்னை ஆர் கட்டுவினம்?"

இப்போது அவள் தொலைக்காட்சித் தொடர் மாமியாராகிவிட்டாள். ரூஜ் வீட்டில் அவளுக்கு அறை கொடுக்க எனக்கே மனம் வரவில்லை.

[இரண்டையும் அழித்துவிட்டேன். இந்தப் பகுதி ஈரத்துணியால் துடைத்ததுபோல இருந்தால் காரணம் அதுதான்.]

மிஞ்சியது இவ்வளவுதான்.

"ஏன் அம்மா?"

"பயத்திலை."

7

மயூரி கணினியை மூடவில்லை. கத்தவுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"என்ரை ஃப்ரென்ட்ஸ் எல்லாரும் அது ஆரோ கசின் எண்டு நினைச்சவை. நானும் ஓம் எண்டுதான் சொன்னனான்."

தவமணிக்கு இது புதுச் செய்தி. அந்தப் படத்துக்குத் தூசி தட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் என்ரை பிள்ளை என்று காட்டிக்கொண்டிருந்தவள் அவள். எழும்பிப்போய் அதன் முன்னால் நின்றாள்.

"உதைத் திருப்பி இழுக்கேலாதோ?" என்று கேட்டாள்.

முதலில் எடுத்த படம் யாரிடமும் இல்லை. படக்காரரின் கடை இருந்த இடத்தில் இப்போது பபிள் ரீ விற்கிறார்கள். மயூரி சுவரில் இருந்ததையே போனில் எடுத்து, மூன்றாவது மென்பொருளில் ஏற்றி, புள்ளியை இடப்பக்கம் இழுத்தாள். தூண்கள் இருண்டன. அன்னங்கள் இருண்டன. அரண்மனையில் பொழுதுபட்டது, பிள்ளை மட்டும் திரும்பி வரவில்லை. மறுபடி பழையபடிக்குக் கொண்டுவந்து, முகத்தை மட்டும் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"தள்ளியிரு," என்றாள் தவமணி. "நான் இழுக்கிறன். நீ காணும் எண்டு சொல்லு. நீ சொல்லுற இடத்திலை விட்டு, அதைப் பிரிண்ட் அடிச்செடுத்து உந்தச் சட்டத்துக்கை போடுவம். பிடிச்சால் உன்ரை ஹோலிலை கொழுவு. பிடிக்காட்டி விடு. நான் வாறன்."

மௌஸைப் பிடிக்கத் தெரியாத கை. புள்ளி ஒரு எட்டுப் பின்னால் போய் இரண்டு எட்டு முன்னால் வந்தது. பிறகு மெதுவாக நகரத் தொடங்கியது.

"காணுமோ பிள்ளை?"

முடிவுக்கு என்னிடம் மூன்று வரைவுகள் உண்டு. ஒன்றில் மயூரி அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்து, சீக்கிரமே காணும் என்றுவிடுகிறாள். இன்னொன்றில் கோபத்தில் பேசாமலே இருக்கிறாள்; முகம் கரிக்கட்டி ஆகும்வரை தவமணி இழுக்கிறாள். மூன்றாவதில் நிதுசன் வந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிட்டு, "வட் ஆர் யூ கைஸ் டூயிங்?" என்கிறான். மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் கோட்டில் இருந்தது என் கைதான்.

மயூரியின் கை மேசையில், மௌஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதன் நிறத்தை நான் இந்தக் கதையில் எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் அவளை ஏதோ ஒரு நிறத்தில் பார்த்துக்கொண்டுதான் நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அது எது என்று எனக்குச் சொல்லவேண்டாம். புள்ளி அந்த நிறத்துக்கு வந்ததும் மயூரி வாயைத் திறக்கிறாளா, இல்லை அதையும் தாண்டிப் போகவிடுகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

"காணுமோ பிள்ளை?"