கறுப்புப் பட்டியிலை வெள்ளை எழுத்து

றெமிஜியஸ் அண்ணைக்குக் கறுப்பு வேணுமாம். சங்கத் தலைவர், சொன்னால் சொன்னதுதான். "மரண அறிவித்தல் பிள்ளை, கலியாணக் காட் இல்லை. கீழை கறுப்புப் பட்டி போட்டு, தகனம் செய்யிற இடத்தை வெள்ளை எழுத்திலை போடு." சங்கத்தின்ர செய்திமடலைச் செய்து மெயிலிலை அனுப்புறது நான்தான். போட்டன். போனிலை பாக்க வடிவாத்தான் இருந்தது.

எங்கட தமிழ்க்கடையள் இருக்கிற லா சப்பலிலை ஆரும் செத்தால் சனம் மெயிலைப் பாக்காது, கடைக்கண்ணாடியைத்தான் பாக்கும். கடைக்காரர் மெயிலைப் பிரின்ட் எடுத்துக் கதவிலை ஒட்டுவினம். செத்தவர் தவரத்தினம் அண்ணை. ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினவர், ஆரோடையும் அதிகம் கதைக்காத மனுசன். "அவருக்கு ஆர் பிள்ளை வருவினம்?" எண்டு அவரின்ர மனுசி கலாவதியக்கா போனிலை கேட்டது எனக்கு நித்திரையிலும் கேட்டுக்கொண்டிருந்தது. "எல்லாரும் வருவினம் அக்கா, நான் பொறுப்பு" எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொல்லிப்போட்டன்.

செத்தவீட்டண்டு காலமை மலர்வளையம் எடுக்க லா சப்பலுக்குப் போனன். றொனால்ட் அண்ணையின்ர மரக்கறிக் கடைக் கதவிலை கடதாசி. படம் இருக்குது, பேர் இருக்குது, நேரம் இருக்குது. அதுக்குக் கீழை வெறும் வெள்ளை. பிரின்டர் மையை மிச்சம் பிடிக்கப் பின்னணி நிறத்தை விட்டுப்போட்டுது. வெள்ளைக் கடதாசியிலை வெள்ளை எழுத்து ஆருக்குத் தெரியும்? ஒருக்கா வீட்டிலை பிரின்ட் எடுத்துப் பாத்திருக்கலாமே, விசரி.

அந்த வெள்ளைக்கு மேலை பேனையாலை எழுதியிருந்தது: வழமையான இடம்.

"ராத்திரி கடை பூட்டேக்கை இவர்தான் எழுதினவர்" எண்டா றொனால்ட் அண்ணையின்ர மனுசி ஆலீஸ். "எங்கட ஆக்களுக்கு எப்பவும் அங்கைதானே செய்யிறது. மற்றக் கடையளுக்கும் சொல்லிப்போட்டு, தன்ர வானுக்குள்ளை ஆக்களை ஏத்திக்கொண்டு போயிட்டார்."

இந்தமுறை வழமையான இடம் இல்லை. அங்கை நாள் கிடைக்காமல் நகரத்துக்கு வெளியிலை ஆர்ஜொந்தெய் பக்கம் ஒரு தகனசாலையிலை எடுத்தது. றொனால்ட் அண்ணைக்குப் போன் அடிச்சன், எடுக்கேல்லை. திரும்ப அடிச்சன். ரெயிலிலை இடம் இருந்தும் எனக்கு இருக்க ஏலேல்லை, கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். கலாவதியக்காவின்ர முகத்திலை எப்பிடி முழிக்கப்போறன்?

தகனசாலை மண்டபத்திலை கலாவதியக்கா, மகன் யதுர்ஷன், மூலையிலை நிலத்தைப் பாத்துக்கொண்டு றெமிஜியஸ் அண்ணை. மிச்சமெல்லாம் வெறுங்கதிரை. நான் வாய் திறக்க முதல் அக்கா என்ர கையைப் பிடிச்சா.

"கடைக் கதவிலை நானும் நேற்றுப் பாத்தனான் பிள்ளை. நீ இடத்தைப் போடாமல் விட்டது நல்லது. இனி ஒருத்தரும் வரேல்லையெண்டாலும், இடம் தெரியாமல் வரேல்லையெண்டு மகனுக்குச் சொல்லலாம்."

எனக்கு அழுகை வந்திட்டுது. அதுக்குள்ளை போன் அடிச்சுது. றொனால்ட் அண்ணை.

"சிவாஜினி, எங்கை நிக்கிறியள்? பெட்டியைக் காணேல்லை. இஞ்சை சனம் உள்ளுக்கை கொள்ளாமல் வாசலிலை நிக்குது. ரெஸ்ரோறன்ரைப் பூட்டிப்போட்டு அவ்வளவு பேரும் வந்திருக்கினம்."

நான் சத்தத்தைக் கூட்டி அக்காவிட்டைக் குடுத்தன்.

"திருப்பிச் சொல்லுங்கோ தம்பி" எண்டா அவ.

அவர் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். அக்கா போனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ளை, மனுசன்ர காதடியிலை வைச்சா.

"இஞ்சேருங்கோ, கேளுங்கோ. சனம் வந்திருக்குது."