எரிந்த மூன்று மோட்டார்கள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கன்வேயர்களின் கியர்பாக்ஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோர்மேனுக்குத் தன்மேல் அபார நம்பிக்கை. ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, "பேரிங் போச்சு" என்று தீர்ப்புச் சொல்வார். பத்தில் ஏழு தடவை பேரிங் போயிருக்கும். மற்ற மூன்றை அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஞாபகசக்தியை நல்ல விஷயங்களுக்குத்தானே பயன்படுத்த வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் வேறு ஆள். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில், ரிமோட்டில் ஓடும் இரண்டடி நீள பேட்டரி டிரக்கோடு மண்டியிட்டுக் கிடப்பார். அவரைப் போலவே இன்னும் எட்டுப் பேர், எல்லாரும் முடி நரைத்தவர்கள். வீட்டில் கேட்டால் இதற்கு கிளப் என்று பெயர்.

ஃபோர்மேனின் ஜோடி வைண்டர். கடைத்தெருவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, எரிந்துபோன ஃபேன் மோட்டாருக்கும் பம்பு மோட்டாருக்கும் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஃபோர்மேனைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் அண்ணன். இருவருக்கும் நடுவே ஏழு வருடமாக ஓர் ஒப்பந்தம். மோட்டார் வைண்டருடையது. மோட்டாரிலிருந்து சக்கரம் வரை உள்ள கியர், ஷாஃப்ட், அச்சு எல்லாம் ஃபோர்மேனுடையது. ஒருவர் விஷயத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை.

மேடேறும் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்மேன் முன் அச்சைப் பிரித்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் கியர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு எஃகு கியர்களைப் போட்டார். கிரீஸ் தடவி, மூடி, முத்தம் கொடுக்காத குறையாக வைத்தார். அன்றிலிருந்து வண்டி மேடேறவில்லை.

ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் நான்கு சக்கரமும் வெண்ணெய் மாதிரி சுற்றும். தரையில் விட்டால் ஜுரம் வந்தது போல நடுங்கும், முக்கும், நான்கு நிமிடத்தில் மோட்டாரிலிருந்து புகை வரும். தூக்கி வைத்தால் ஓடுகிறது, தரையில் திணறுகிறது, ஆகவே மோட்டாருக்குத் தெம்பில்லை என்று முடிவு கட்டினார். இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மா வருமா!

மோட்டாரில் கம்பிச் சுற்று குறைந்தால் வேகம், கூடினால் இழுவை. புதிதாக வருகிறவர்களை நிறுத்திவைத்து இதை ஒரு மணி நேரம் விளக்குவது ஃபோர்மேனுக்குப் பிடித்தமான காரியம். முதலில் எரிந்தது முப்பத்தைந்து சுற்று மோட்டார். "நாப்பத்தஞ்சு போடுங்கண்ணே" என்றார். வைண்டர் போட்டுக் கொடுத்தார், எரிந்தது. "அம்பத்தஞ்சு!" என்றார். அதுவும் எரிந்தது. வண்டியில் புதிதாக மாறியது தான் போட்ட கியர் மட்டும்தான் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாவது மோட்டார் புகைந்த அன்று கிளப்பின் வாட்ஸாப் குரூப்பில் எழுதினார்: "மூணாவதும் போச்சு. அண்ணனுக்கு முன்ன மாதிரி கை நிதானம் இல்ல. கண்ணையும் ஒருதடவை காட்டிட்டு வரலாம்." அக்கறையாகத்தான் எழுதினார். அல்லது அக்கறை மாதிரி தெரியும்படி. ஆறு பேர் கட்டை விரலைத் தூக்கினார்கள். வைண்டர், "சரி தம்பி, பாக்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டார். அடுத்த ஞாயிறு அவர் மேட்டுப் பக்கம் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போல என்று நினைத்து, ஃபோர்மேன் பெருந்தன்மையோடு அவரை மன்னித்தார்.

அதன்பின் கடையில் போய், கார்பன் பிரஷ்ஷே இல்லாத நவீன மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினார். அது எரியவில்லை. பதிலுக்கு முன் ஷாஃப்டை முறுக்கி உடைத்தது. "பாத்தியா, இதுதான் பவர்!" என்று மனைவியிடம் உடைந்த துண்டைக் காட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம், தடிமனான ஷாஃப்ட் ஒன்றைப் போட்டு, சாப்பாட்டு மேசைமேல் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டார். எதிரே மனைவி பள்ளிக்கூடப் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் ஒரு பக்கமும் சுத்தணுமா?"

"என்னது?"

"பின்னாடி ரெண்டும் முன்னால போகுது. முன்னாடி ரெண்டும் பின்னால போகுது. அப்படித்தான் டிசைனா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது, அது வந்து..." என்று ஆரம்பித்தவர் குனிந்து பார்த்தார். ஒரு மாதமாக இந்தச் சக்கரங்களைக் காதால் கேட்டார், வெப்பமானியால் அளந்தார். கண்ணால் மட்டும் பார்க்கவில்லை.

அச்சைப் பிரித்தார். கிரவுன் என்கிற பெரிய பற்சக்கரம் வலது பக்கம் இருக்க வேண்டும். இடது பக்கம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முன் அச்சு பின்னுக்கு இழுக்க, பின் அச்சு முன்னுக்கு இழுக்க, நடுவில் மாட்டிய மோட்டார் எரியாமல் என்ன செய்யும்? ஐம்பத்தைந்து அல்ல, ஐந்நூறு சுற்றுப் போட்டிருந்தாலும் எரிந்திருக்கும். பத்தே நிமிடத்தில் திருப்பி மாட்டினார். தரையில் விட்டதும் வண்டி கூடத்தைக் கடந்து பாய்ந்து பீரோவில் மோதியது.

"அப்போ அண்ணன் மோட்டார்ல ஒரு கோளாறும் இல்லையா?" என்றார் மனைவி.

ஃபோர்மேன் பீரோவின் அடியிலிருந்து வண்டியை எடுக்கக் குனிந்தார்.

மறுநாள் காலை மேட்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போனார். வழிநெடுக ஒத்திகை. முதல் ஒத்திகையில், பாகத்தின் மேல் கம்பெனிக்காரன் அடையாளம் போடவில்லை. இரண்டாவதில், இது யாருக்கும் நடக்கக்கூடியது. மூன்றாவதில், பார்க்கப்போனால் அதிகம் பாதிக்கப்பட்டதே ஃபோர்மேன்தான்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கடியில் வைண்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மோட்டாரின் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். மேசை மேல் இன்னும் ஐந்து கிடந்தன. பக்கத்தில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"வா தம்பி. நீ சொன்னதும் போய்க் காட்டினேன். கண்ணுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்போ கைதான்." அவர் தலை நிமிரவில்லை. "ரெண்டு வாரமா சுத்திச் சுத்திப் பிரிச்சுப் பாக்கிறேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு. தப்பு பண்றதுகூடத் தெரியாத நிலைமைக்கு வந்துட்டேனோன்னு."

"அண்ணே..."

"பம்பு வேலையெல்லாம் வேணாம்னு அனுப்பிட்டேன். கிணத்துல இறக்கினப்புறம் எரிஞ்சா அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்? கம்பி சுத்துற மெஷினையும் ஒருத்தர் விலைக்குக் கேட்டிருக்காரு. நாளைக்கு வந்து எடுத்துக்குவாரு."

மூன்று ஒத்திகையும் காற்றில் பறந்தன. "முன் கிரவுனை நான் திருப்பிப் போட்டுட்டேன்ண்ணே," என்றார் ஃபோர்மேன்.

வைண்டரின் கை நின்றது. "எப்போ?"

"முதல் மோட்டாருக்கு முன்னாடியே."

"அப்போ மூணும்?"

"மூணும் நல்ல மோட்டார்ண்ணே. நான்தான் எரிச்சேன்."

வைண்டர் பிரித்த கம்பியை மெல்ல விரலில் சுற்றினார். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினால் தேவலை என்று இருந்தது ஃபோர்மேனுக்கு. அவமானத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பேன் தம்பி," என்றார் வைண்டர் கடைசியில். "நீ சொன்னதால நம்பிட்டேன்."

சொல்லிவிட்டுப் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தன் இரண்டு கைகளையும் விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஃபோனை ஃபோர்மேன் பக்கம் நகர்த்தினார்.

"மெஷின் கேட்டவருக்கு நீயே போட்டுச் சொல்லிடு. எனக்கு இப்போ குரல் சரியா வராது."

ஃபோர்மேன் போட்டார். மறுமுனையில் இருந்தவர் விடுவதாக இல்லை. "நேத்துவரைக்கும் கை போச்சுன்னு சொன்னாரே. ஏன் திடீர்னு குடுக்கலங்கிறாரு? நீங்க யாரு?"

"அவர் கை போச்சுன்னு சொன்னவன்," என்றார் ஃபோர்மேன். பக்கத்தில் வைண்டர் கேட்டுக்கொண்டிருக்க, முகம் தெரியாத அந்த மனிதரிடம் முழுக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.