மூன்று மணி நேரத்துக்கு முன் வர முடியாது

பாய்மரப் படகுச் சங்கத்தில் நேரம் குறிப்பவன் நான். சம்பளம் கிடையாது, கடிகாரமும் கர்வமும் மட்டும் உண்டு. படகு எவ்வளவு நீளமோ அதற்கேற்ற வேகம்தான் போகும் என்பது என் வேதவாக்கு. ஓடும் படகு தன் நீளத்துக்கு ஓர் அலையை எழுப்பி, அதன் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும். காற்று எத்தனை அடித்தாலும் தாண்டாது. இதைச் சொல்லியே இருபது வருடமாக எல்லோர் வாயையும் அடைத்திருக்கிறேன்.

அணித் தேர்வுக்கு என் மகள் இருபது கடல் மைலை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அன்று காலை சாப்பாட்டு மேஜையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"இருபத்தஞ்சு அடிப் படகும்மா. மூணு மணி நேரத்துக்கு முன்னாடி வர முடியாது."

"அது பழைய கனமான படகுக்குப்பா. இது எடை கம்மி, அடிப்பாகம் தட்டை. காத்து பலமா இருந்தா அலை மேலேயே ஏறி வழுக்கிட்டு ஓடும்."

"படகா, பட்டமா?" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொள்வது வழக்கம்.

ஒன்பது மணிக்குக் கொடியசைத்து அனுப்பினேன். காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அப்போதாவது புத்தி வந்திருக்கலாம். பன்னிரண்டு வரை வேலையில்லை என்று முடிவெட்டப் போய்விட்டேன்.

பதினொன்று நாற்பதுக்குத் திரும்பினால், படகு துறையில் கட்டியிருந்தது. பாதியில் திரும்பிவிட்டாள் போலும் என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"பதினொண்ணு பத்துக்கே வந்துட்டேன்பா. நீங்க எங்க போனீங்க?"

நேரம் குறிப்பவர் கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. சங்கத்தில் அந்த விதியைப் பிடிவாதமாகச் சேர்த்த மகானுபாவனும் நானே. தேர்வுக் குழுத் தலைவருக்குப் போன் போட்டு, "முடிவெட்டிக்கிட்டு இருந்தேங்க" என்று ஒப்புக்கொண்டேன்.

"நாளைக்குக் கடைசி நாள். மறுபடி ஓட்டட்டும். நேரத்த வேற ஆள் எடுப்பார்" என்றார்.

மகள் திட்டியிருந்தால் தேவலை.

"கணக்கு தப்பானது பரவாயில்லப்பா. ஒருவேளை இவ வந்துடுவாளோன்னு ஒரு சந்தேகம்கூட உங்களுக்கு வரலையே."

மறுநாள் ஒன்பதிலிருந்தே கரையில் நின்றேன். காற்று இருந்தது, முந்தைய நாளின் பலம் இல்லை. எந்தத் தெய்வத்தையும் தொந்தரவு செய்யாத நான், அன்று எல்லாத் தெய்வத்திடமும் இன்னும் கொஞ்சம் காற்று கேட்டேன். என் வேதவாக்கு பொய்யாகட்டும் என்று மனசாரக் கேட்டேன். படகு சமர்த்தாகத் தன் அலைக்குள் அடங்கி, பன்னிரண்டு இருபதுக்கு வந்து சேர்ந்தது. அணியில் இடம் போனது.

குழுத் தலைவர் என் தோளைத் தட்டினார். "நீங்க சொல்றதுதான் சரி. மூணு மணி நேரத்துக்கு முன்னாடி வர முடியாதுதான்."

பழக்கதோஷம், "ஆமாங்க" என்று வந்துவிட்டது. மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.