இடப்பக்கம் திரும்பினால் நிற்கும் மோட்டார்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதை தேடி நான் எங்கும் போகவில்லை. அக்காதான் போன் செய்தாள்.

“டேய், சும்மாதானே இருக்கே? வந்து டார்ச் பிடி.”

எழுதுகிறவன் என்றால் எங்கள் வீட்டு அகராதியில் சும்மா இருப்பவன் என்று பொருள்.

அக்கா படகு ஓட்டுகிறாள். இக்கரையிலிருந்து அக்கரை மருத்துவமனைக்கு ஆள் ஏற்றிப்போகும் சின்னப் படகு. அதன் பின்புறம் மாட்டியிருக்கும் மோட்டாருக்கு வயதாகிவிட்டது. கொஞ்ச நாளாக, நன்றாக ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடுகிறது. கடைசியாக நின்றபோது படகில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி இருந்தாள். (ஆபத்து ஒன்றும் இல்லை. இன்னொரு படகுக்காரர் கயிறு எறிந்து இழுத்து வந்துவிட்டார். பயப்படாமல் படியுங்கள்.) ஆனால் படகுத்துறைச் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது: சங்கத்தின் செயலாளரை ஏற்றிக்கொண்டு ஒரு சோதனை ஓட்டம். நடுவில் நின்றால் அந்த வழித்தடம் வேறு ஆளுக்கு.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

“ஆறு மௌனமாக—”

வேண்டாம். அந்த ஆறு மௌனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வரைவில் ஒரு வில்லன். அக்காவின் வழித்தடத்துக்கு ஆசைப்படும் அந்த இன்னொரு படகுக்காரர், ஆள் இல்லாத நேரத்தில் கத்தியோடு வந்து ஒயரை—

அக்கா அதுவரை படித்துவிட்டுக் காகிதத்தை என் மேலேயே எறிந்தாள்.

“கயிறு போட்டுக் காப்பாத்தின மனுஷனையா வில்லனாக்குறே? நாளைக்கு அவரு முகத்துல நான் எப்படிடா முழிக்கிறது?”

“கதைக்கு ஒரு எதிரி வேணும்க்கா.”

“தேய்மானம் இருக்கே. அது போதாதா?”

போதும். வில்லன் நீக்கம்.

3

அத்தான், அதாவது அக்காவின் கணவர், பெட்ரோல் சரியாக வரவில்லை என்ற கட்சி. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். மோட்டார் மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார். அந்தத் துறையிலேயே அதிகம் குளித்த கார்புரேட்டர் அதுவாகத்தான் இருக்கும்.

“இது தேறாது. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்றார் கடைசியில்.

அக்கா ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இஞ்சின் உடம்போடு ஒட்டிவைத்து, மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை என்னை இழுக்கச் சொன்னாள். இருட்டுக் கொட்டகைக்குள் நீலப் பொறி பளிச்சென்று வெட்டியது. பொறி இருக்கிறது. பெட்ரோலும் இருக்கிறது. அப்புறம் என்ன கேடு?

கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். [இங்கே அவள் மனவோட்டத்தை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் நினைத்தது எனக்கெப்படித் தெரியும்? சொன்னதுதான் தெரியும்.]

“டேய், அது நின்னதெல்லாம் துறைக்குள்ள திரும்புறப்பதான். இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பி ஒரு தடவைகூட நின்னதில்ல.”

“மோட்டாருக்கு வலது இடது தெரியுமாக்கும்!” அத்தான் சிரித்தார்.

“மோட்டாருக்குத் தெரியாதுங்க. ஒயருக்குத் தெரியும்.”

4

கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு விளக்கை அணைக்கும்போது சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இந்தப் பழைய மோட்டாரில் நடப்பது நேர்மாறு. கைப்பிடியிலுள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்தினால், அதன் ஒயர் இஞ்சினின் இரும்போடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் ஓடிவிடும். பொறி செத்து மோட்டார் நிற்கும். ஆகவே அந்த ஒயர் வழியில் எங்கே இரும்பைத் தொட்டாலும், யாரோ பொத்தானை அழுத்திய மாதிரிதான்.

அக்கா அந்த ஒயரின் முனையைக் கழற்றி, மின்சாரம் பாய வழி இருந்தால் பீப் அடிக்கும் மீட்டரின் ஒரு கம்பியை அதிலும் இன்னொன்றை இரும்பிலும் வைத்தாள்.

“திருப்புடா.”

படகு வலப்பக்கம் போகிற மாதிரி கைப்பிடியைத் திருப்பினேன். சத்தமில்லை. இடப்பக்கம் போகிற மாதிரி திருப்பினேன்.

பீப்.

நேராக்கினேன், அடங்கியது. திருப்பினேன், பீப்.

“அடிப்பாவி!” என்றார் அத்தான். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே பெரிய பாராட்டு அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: குளித்தது கார்புரேட்டர், குற்றவாளி ஒயர்.

டார்ச்சை நெருக்கிப் பிடித்தேன். மோட்டார் மூடிக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் பொடிந்துபோயிருந்தது. இரும்பு விளிம்பு ஒயரின் தோலை உரசி உரசித் தின்றிருந்தது. உள்ளே செம்பு பல்லிளித்தது.

அக்கா கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புது ஒயர் சேர்த்தாள். அத்தான் ரப்பர் குழாயில் ஒரு துண்டு நறுக்கி, ஓட்டையில் அதற்கு உறை போட்டார்.

“இறுக்கிக் கட்டாதீங்க. திரும்புறப்ப இழுக்கும்.”

மறுபேச்சில்லாமல் தளர்த்தினார்.

5

சோதனை ஓட்டத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) மோட்டார் நடு ஆற்றில் நிற்கிறது. அக்கா துடுப்பை எடுத்து— பரிசு வாங்கக்கூடிய முடிவு. “என் மோட்டாரைச் சாகடிச்சுதான் நீ பேர் வாங்கணுமா?” என்றாள். நீக்கம்.

(ஆ) செயலாளர் கண்கலங்குகிறார். அவரைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

நடந்ததை எழுதுவதே மேல்.

செயலாளர் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக்கொண்டு ஏறினார். அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். துறை நெருங்க நெருங்கக் கரையில் பேச்சு அடங்கியது. அந்த இன்னொரு படகுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கயிற்றோடு நின்றார். வெண்ணெய் திரளும்போதுதானே தாழி உடையும்? அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

படகு இடப்பக்கம் திரும்பியது.

மோட்டார் நிற்கவில்லை. உறுமியது!

கரையோரம் நிறுத்தவேண்டியவள் நிறுத்தாமல் மேலும் வளைத்தாள், அதுவும் இடப்பக்கமே. ஒரு முழு வட்டம். நுரை பறக்க இன்னொன்று. செயலாளர் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கும்பிட்டது நன்றாகத் தெரிந்தது. (“வழித்தடம் உனக்குத்தாம்மா, முதல்ல என்னை இறக்கி விடு” என்றாராம்.) கரையில் விசில் பறந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முதலில் கைதட்டியவர், நான் வில்லனாக்கப் பார்த்த மனிதர்.

இரண்டாவது வட்டத்தில் எங்களைக் கடக்கும்போது அக்கா எழுந்து நின்று, தலையை நிமிர்த்தி, ஏதோ உரக்கக் கத்தினாள். மோட்டார் சத்தத்தில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. பிறகு கேட்டால், “யாருக்குடா ஞாபகம் இருக்கு, வழி விடு, ஆளுங்க ஏறணும்” என்கிறாள். அதில் கார்புரேட்டர் என்ற சொல் இருந்தது என்று அத்தான் சத்தியம் செய்கிறார்.

நானும் எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் குரலாக இருக்கிறது, அவள் குரலாக இல்லை. எனவே அந்த வாக்கியத்துக்கு இடம் விடுகிறேன். நீங்கள் எழுதுங்கள்:

“                                        ”

கொஞ்சம் சத்தமாகவே எழுதுங்கள். மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.