வாலில் ஓட்டையுள்ள கத்தி

கத்தி வாங்குவதற்காகக் குரும்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ் ஏறுகிற ஆளில்லை மதுரைவீரன். பெரம்பலூர் கடைவீதியில் மலிவாக ஒரு மடக்குக் கத்தி, மழுங்கினால் இன்னொன்று, அவ்வளவுதான் அவன் கணக்கு. போர்வெல் மோட்டாரைத் தூக்கி இறக்குவது தொழில். உள்ளே இறங்குகிற பைப்போடு கேபிளை நைலான் கயிற்றால் கட்டியிருப்பார்கள். பைப் மேலே வர வர ஒவ்வொரு கட்டாக அறுக்க வேண்டும். ஒரு கை கேபிளில், ஒரு கை கத்தியில், காலடியில் எழுநூறு அடிக் குழி. போன மாதம் மலிவுக் கத்தி தானாக மடங்கி ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்தது. உசத்தியாக ஒரு கத்தி வாங்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் அந்த விரலைத்தான் காட்டிக்கொண்டு திரிந்தான்.

உண்மைக் காரணம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் உண்ணாமலையின் வெங்காயக் காட்டில் மோட்டார் தூக்கும்போது, குழி வாயைச் சாக்கால் அடைக்காமல் வேலையில் இறங்கிவிட்டான். சோம்பேறித்தனம்தான், வேறு பேர் வைக்க ஒன்றுமில்லை. கத்தி கை நழுவி உள்ளே போய், மோட்டாருக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் செருகிக்கொண்டது. அப்புறம் மோட்டார் ஒரு அங்குலம்கூட அசையவில்லை. உள்ளே கல் சரிந்துவிட்டது என்று முதலில் சொன்னது அவன் வாய்தான். நல்ல தண்ணீர் இருந்த போர் அன்றோடு செத்தது. கத்தி விழுந்தது வெளியே தெரிந்தால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தரும் அவனைக் குழிப்பக்கம் அண்டவிட மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டான். இப்போது அதே உண்ணாமலை, புதுப் போரில் தண்ணீர் சரியாக ஏறவில்லை, நாளைக்கு வந்து தூக்கிப் பார் என்று போன் செய்திருந்தாள்.

அரியலூரில் சுரங்க வேலைக்காரர்களுக்கு ஹெல்மெட், பூட்ஸ் விற்கிற கடையில் நல்ல கத்திகள் உண்டு என்று கூட்டிப்போனவன் செல்லக்கண்ணு. மதுரைவீரனோடு மோட்டார் தூக்கும் சங்கிலியை இழுக்கிறவன். போனில் வீடியோ பார்த்தே கத்தியில் பண்டிதன் ஆனவன். பஸ்ஸில் வரும்போதே இரும்பில் இத்தனை ரகம் என்று பாடம் நடத்தித் தூங்க விடாமல் செய்தான்.

கடைக்காரர் டோமினிக் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். மதுரைவீரன் பளபளப்பைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பழைய நைலான் கயிற்றையும் கேபிள் துண்டையும் எடுத்தான். கையில் கிரீஸைத் தடவிக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் ஒவ்வொன்றையும் திறந்தான். முதல் கத்தி அங்கேயே வழுக்கி அவுட். மற்ற இரண்டாலும் இருபது தடவை கயிறு அறுத்தான். விரித்த கத்தியின் முதுகை மேசை விளிம்பில் அழுத்தி, மடங்காமல் பிடிக்கிற பூட்டு விட்டுக்கொடுக்கிறதா என்று பார்த்தான். மூன்றாவது, வெளிநாட்டுக் கத்தி, கடையிலேயே விலை கூடியது. இருபதாவது கயிற்றையும் முதல் கயிறு போலவே அறுத்தது. பூட்டு மலை மாதிரி நின்றது. செல்லக்கண்ணு அதைக் கையில் வாங்கிக் குழந்தை போலக் கொஞ்சினான். மதுரைவீரன் அதன் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாலில் கயிறு கோக்க ஓட்டை இல்லையே என்றான்.

இரண்டாவதில் இருந்தது. கொஞ்சம் கனம், கொஞ்சம் கூர்மை கம்மி, ஆரஞ்சு நிறப் பிடி. அது போதும் என்றான்.

டோமினிக்குக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஓட்டைக்காக இத வேணாங்கறீங்களே. கீழ வுழுந்தா குனிஞ்சு எடுத்துக்கிட்டாப் போச்சு."

"எங்க வேலையில குனிஞ்சா எட்டாதுங்க."

செல்லக்கண்ணு சிரித்தான். மதுரைவீரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை உண்ணாமலையின் காட்டில் குழி வாயைச் சுற்றிச் சாக்கைத் திணித்தான். கத்தி வாலில் கோத்த கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினான். உண்ணாமலை பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள். அவள் புருசன் குருமூர்த்தி தள்ளி நின்று, யாரும் கேட்காமலே, மேலே வருகிற கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த எடம் நானே பாத்துப் போட்டது," என்றாள் உண்ணாமலை. "இவரு காட்டுற எடத்துல போட்டா கல்லுதான் சரியும். அன்னையிலேர்ந்து இவர ஒண்ணுமே கேக்கறதில்ல. வெத வெங்காயம் வாங்கறதுகூட நாந்தான்."

செத்துப்போன அந்தப் போருக்கு இடம் காட்டியது குருமூர்த்தி என்பதே மதுரைவீரனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பேச்சுக்குப் பழகிப்போன முகம். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"கல்லு சரியலக்கா," என்றான். "என் கத்தி வுழுந்துருச்சு. சாக்கு போடாம வேல பாத்தேன். இவரு காட்டுன எடத்துல ஒரு கொறையும் இல்ல."

செல்லக்கண்ணு சங்கிலியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். உண்ணாமலை, கருங்கல் போட்டு மூடிய பழைய குழியைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றையும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்த வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். "இனிமே இந்தக் காட்டுப் பக்கம் வராதீங்க."

மோட்டாரை மேலே எடுத்தார்கள். பைப்பில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. மாற்றி, மதியத்துக்குள் மறுபடி இறக்க ஆரம்பித்தார்கள். கத்தி ஒரு தடவை கை நழுவி, கயிற்றில் தொங்கி நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

இறக்கி முடிக்கிற நேரம், எத்தனை அடியில் நிறுத்தட்டும் என்று மதுரைவீரன் கேட்டான். உண்ணாமலை சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"ஏங்க," என்றாள். "எத்தன அடியில நிறுத்தலாம்?"

குருமூர்த்தி, யாரைக் கேட்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.