அக்கரைக்குப் போன எல்லை

போட்டாதாங் படகுத்துறையில் குழந்தைவேலு மேஸ்திரி ஒரு எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் தடவி, பர்மியப் படகுக்காரர் கோ மியா கையில் கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப்பக்கம், டல்லாக் கரையில் வைத்துவிட்டு வரச் சொன்னார். "திங்கறதுக்கா?" என்று கேட்டார் கோ மியா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மனுடைய எல்லையே அந்தப் பழத்தோடு அக்கரைக்குப் போய்விட்டதென்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இருபத்தாறாம் வருஷப் பங்குனி அது. எங்கள் மகள் அம்சவேணி அம்மை போட்டுப் பிழைத்ததற்காக, என் வீட்டுக்காரர் கருப்பையா பூக்குழி இறங்குவதாக நேர்ந்திருந்தார். காப்புக் கயிறு கையில் ஏறினால் திருவிழா முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கோயிலுக்கு ஆறுதான் எல்லை. தாண்டியவன் தீயில் கால் வைக்கக் கூடாது. பூக்குழி இறங்க நேர்ந்த இருபத்திரண்டு பேருக்கும் அந்தக் கயிற்றைத் தன் கையால் கட்டிவிட்டு, தானும் கட்டிக்கொண்ட கோயில் தலைவர்தான், துறையில் எங்கள் ஆட்களுக்கு வேலை கொடுக்கிற இந்த மேஸ்திரி. டல்லா மில்லில் அரிசி மூட்டை தேங்கியதும் அவருக்கு அம்மன் மறந்துபோனாள்.

"காப்பு கட்டியிருக்கேங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லையத்தான் நகத்தியாச்சே. ஏறு படகுல. இல்லைன்னா நாளையிலேருந்து துறைப்பக்கம் வராத."

ஏறினார். எல்லோரும் ஏறினார்கள். வேலை போனால் எங்கே போவது?

நாலு நாள் மூட்டை சுமந்துவிட்டுத் திரும்பியவர் சோற்றைத் தொடவில்லை. "நான் எறங்கலை ரத்தினம். பொய்யா எறங்கிப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார். இறங்கினால் பொய். இறங்காவிட்டால் நேர்த்தி நிறைவேறாது. எப்படிப் பார்த்தாலும் நடுவில் மாட்டிக்கொண்டது என் பிள்ளை.

காப்புக் கட்டிய வீட்டுப் பெண்கள் அடுப்பு நெருப்பை அணையவிடாமல் காக்க வேண்டும். திருவிழாவன்று காலையில் அதைக் கொண்டுபோய்த்தான் குழி மூட்டினோம். மிச்சத்தைத் தீச்சட்டியில் ஏந்தி, சாயங்காலம் குழியைச் சுற்றி நின்றோம். என் வீட்டுக்காரர் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததை மேஸ்திரி பார்த்தார். ஊர் கேட்கச் சொன்னார்: "வீட்டுப் பொம்பளை வெரதம் தப்பியிருப்பா. அதான் இவன் பயப்படுறான்."

நானா தப்பினேன்? பத்து நாளாக ஒரு வேளைச் சோறு, வெறுந்தரைப் படுக்கை. அடுப்பைப் பார்க்க ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தவள் நான். ஆத்திரத்தில் மேஸ்திரி பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அவர் மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிற்றைப் பார்த்தேன். டல்லாவில் வேலையென்றால் முதல் படகில் போய் நிற்கிற மனிதர். அந்த நாலு நாளும் கணக்குப்பிள்ளையை அனுப்பிவிட்டு இந்தக் கரையிலேயே இருந்தார்.

சட்டியோடு போய் அவர் எதிரில் நின்றேன். மேளம் நின்றது.

"அந்த நாலு நாளும் நீங்க ஏன் ஆத்தைத் தாண்டலை மேஸ்திரி?"

வரிசையில் நின்றிருந்த இருபத்தொரு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"எல்லைய நகத்துன கைதானே. இந்தாங்க, இதைப் பிடிச்சுக்கிட்டு என் மேலதான் குத்தம்னு சொல்லுங்க."

சட்டிக்கு அடியில் வைத்திருந்த வேப்பிலை கருகி உள்ளங்கை எரிந்தது. நீட்டிய கையை நான் மடக்கவில்லை. மேஸ்திரி ஒரு அடி பின்னால் வைத்தார். அவருக்குப் பின்னால் பூக்குழி கனிந்து கிடந்தது. சட்டியை நீட்டியபடியே நானும் ஒரு அடி முன்னால் வைத்தேன்.